79 வயது அம்மாவுக்குத் தொடை எலும்புக் கழுத்து முறிவு: அறுவைதான் வேண்டுமா, பாதி மூட்டு மாற்று போதுமா?

கெடிலக்கரை (கடலூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். நேற்று விடியற்காலை என் தாயார் வெந்நீர் எடுத்துக்கொண்டு தோட்டத்துக் குளியலறைக்குப் போனபோது, ஐப்பசி மழையில் பாசி பிடித்துக் கிடந்த சிமெண்டுத் தரையில் வழுக்கி இடப்பக்கமாக விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், "காலை அசைக்க முடியவில்லை, முதலில் அடுப்பை அணை" என்றுதான் சொன்னார். இடது கால் வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டையாகத் தெரிந்தது. பாதம் முழுவதும் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. 108 வண்டியை அழைத்து மருத்துவமனையில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருப்பதாகச் சொல்கிறார்கள். இடுப்புப் பக்கம் மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டபிறகு வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அம்மாவுக்கு வயது 79. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, இரத்தம் உறையாமலிருக்க க்ளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் நேற்றுவரை தன் சமையலைத் தானே செய்துகொண்டு, பிரதோஷம் தவறாமல் பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போய்வந்தவர். மருத்துவர் நாளையே அறுவை செய்து, பந்துப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு எலும்போடு பிடித்துவைக்கும் மருத்துவச் சிமெண்ட் வைத்து, பைபோலார் என்ற பாதி மூட்டைப் பொருத்திவிடலாம் என்கிறார். பண்ருட்டியிலிருந்து வந்திருக்கும் பெரிய மாமாவோ, "வயதான கட்டையில் கத்தி வைக்காதே, கட்டுப் போட்டு ஆறு வாரம் படுக்கவைத்தால் எலும்பு தானே கூடிவிடும்" என்று பிடிவாதமாக நிற்கிறார். அவருடைய சொல்லைத் தட்டி எங்கள் வீட்டில் பழக்கமில்லை. தம்பி சென்னையிலிருந்து தொலைபேசியில், செய்வதுதான் செய்கிறோம், முழு மூட்டையும் மாற்றச் சொல், பாதி வேலை எதற்கு என்கிறான். மாத்திரையின் வீரியம் குறைய ஒரு வாரம் காத்திருக்க வேண்டாமா என்ற பயம் எனக்கு. சிமெண்ட் வைத்தால் இதயத்துக்கு ஆபத்து என்றும் யாரோ சொன்னார்கள். இன்று இரவுக்குள் கையெழுத்துப் போடவேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.


மூட்டு வைத்தியன் (புதுச்சேரி) பதில்:

எலும்பு மருத்துவராக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். படத்தைப் பார்க்காமலும் அம்மாவைத் தொட்டுப் பார்க்காமலும் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கடைசி வார்த்தையை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

முதலில் மாமா சொல்வதை எடுத்துக்கொள்வோம். கையெலும்போ முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்போ முறிந்தால் அவர் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறார். தொடை எலும்பின் கழுத்து மட்டும் வேறு சாதி. அதன் நுனியிலுள்ள பந்துக்குப் போகும் இரத்தம் பெரும்பாலும் கழுத்தின் மேலேறும் மெல்லிய குழாய்கள் வழியாகவே போகிறது. கழுத்து முறிந்து எலும்பு விலகும்போது அந்தக் குழாய்களும் அறுந்துபோகின்றன. காம்பு ஒடிந்த காய் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் முற்றாது அல்லவா, அந்த நிலைதான் பந்துக்கும். முறிவு மூட்டுறைக்குள்ளேயே இருப்பதால், மற்ற எலும்புகளில் கூடுவதற்கு உதவும் மேலுறையின் துணையும் இங்கே இல்லை. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், எத்தனை வாரம் எடை கட்டித் தொங்கவிட்டாலும், விலகிய கழுத்து முறிவு 79 வயதில் கூடும் என்று எதிர்பார்க்க முடியாது. விலகாமல் ஒன்றோடொன்று செருகிக்கொண்ட முறிவாக இருந்தால் திருகாணி போட்டு நிறுத்தப் பார்ப்போம். உங்கள் அம்மாவின் கால் குட்டையாகிப் பாதம் சாய்ந்ததாக எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த வாய்ப்பு இல்லை என்றே தோன்றுகிறது.

ஆறு வாரப் படுக்கை என்பது சும்மா இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். மல்லாந்தே கிடக்கும் முதியவருக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும், சிறுநீரில் கிருமி சேரும், முதுகடியிலும் குதிகாலிலும் புண் விழும். எலும்பு முறிவினால் நேரடியாக இறப்பவர்களைவிட இவற்றால் இறப்பவர்களே அதிகம். அறுவையின் முதல் நோக்கம் அவரை அடுத்த நாளே எழுப்பி உட்காரவைப்பது; நடை அதற்குப் பிறகு வருவது.

இனி பாதி மூட்டா முழு மூட்டா என்ற கேள்வி. இடுப்பு மூட்டில் பந்தும் கிண்ணமும் உண்டு. அம்மாவுக்கு உடைந்தது பந்தின் பக்கம்; கிண்ணத்தின் குருத்தெலும்பு தேய்ந்திருக்காவிட்டால் அதைத் தொடவேண்டிய அவசியமில்லை. பந்தை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள உலோகப் பந்தை ஒரு தண்டோடு தொடை எலும்புக் குழிக்குள் செருகுகிறோம். அறுவை நேரமும் இரத்தச் சேதமும் குறைவு. பந்து பெரிதாக இருப்பதால் மூட்டு நழுவும் வாய்ப்பும் குறைவு. உங்கள் தம்பியின் கேள்வியை ஒதுக்கிவிடவும் முடியாது. விழுவதற்கு முன் அதிகம்போனால் ஒரு கைத்தடியோடு தானே வெளியே நடமாடியவர், மனத்தெளிவு உள்ளவர், இன்னும் பல ஆண்டுகள் நடக்கவேண்டியவர் என்றால் முழு மூட்டு மாற்றைப் பற்றிப் பேசலாம் என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. கோயிலுக்கு நடந்துபோகும் உங்கள் அம்மா அந்த வரிசையில்தான் வருகிறார். ஆனால் 50 வயதைத் தாண்டிய 1,495 பேரை இரு பிரிவாக்கி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், மறு அறுவை தேவைப்பட்டதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முழு மூட்டு வைத்தவர்களின் நடமாட்டம் சற்றே மேலாக இருந்தது. மூட்டு நழுவியது அவர்களில் 4.7 சதவீதம், பாதி மூட்டு வைத்தவர்களில் 2.4 சதவீதம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அவ்வளவுதான். நாளை பாதி மூட்டைக் கைபழகிய மருத்துவர் செய்கிறார், முழு மூட்டு என்றால் அடுத்த வாரம் வேறு ஊர் என்ற நிலை வந்தால், என் தாயாராக இருந்தால் நாளையே என்பேன்.

பைபோலார் என்பது பந்துக்குள் பந்து. உள்பந்து வெளிப்பந்துக்குள் சுழல்வதால் கிண்ணம் தேய்வது குறையும் என்ற எண்ணத்தில் 1970களில் வந்தது. முதல் சில ஆண்டுகளுக்கு ஒற்றைப் பந்தைவிடப் பெரிய மேன்மை எதுவும் ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவனிக்கவேண்டியது தண்டு எந்த வகை என்பதையே. ஆஸ்டின் மூர் என்ற பழைய வகை, சிமெண்ட் இல்லாமல் செருகுவது, விலை குறைவு என்பதால் நம் நாட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நடமாடக்கூடியவருக்கு அதைவிடச் சிமெண்ட் வைத்த நவீனத் தண்டே நல்லது; தொடைவலியும் தளர்வும் குறையும்.

சிமெண்ட் பற்றிய பயம் அடியோடு பொய்யல்ல. எலும்புக் குழிக்குள் சிமெண்டை அழுத்தும் அந்த ஓரிரு நிமிடங்களில் சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இதயநோய் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு சற்று அதிகம். அதனால்தான் அந்த நிமிடத்தில் மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே குரல் கொடுத்துவிட்டுச் செய்கிறோம். மறுபக்கம், 60 வயதைத் தாண்டிய 1,225 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், தண்டைச் சுற்றி எலும்பு மீண்டும் உடைந்தது சிமெண்ட் வைத்தவர்களில் 0.5 சதவீதம், வைக்காதவர்களில் 2.1 சதவீதம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முறையே 23.9, 27.8 சதவீதம். இந்தக் கடைசி எண்கள் உங்களைத் திடுக்கிடவைக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நல்ல மருத்துவமனையில் நல்ல அறுவை நடந்தாலும், இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.

மாத்திரைக்கு வருகிறேன். க்ளோபிடோக்ரலின் வீரியம் அடங்க ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும் என்பது உண்மை. அதற்காக அத்தனை நாளும் படுக்கவைத்துக் காத்திருப்பதை இன்று பெரும்பாலான நெறிமுறைகள் ஏற்பதில்லை. முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசியைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், முழு மயக்கம் கொடுக்கவேண்டியிருக்கும். இரத்தம் கூடுதலாகக் கசியலாம் என்பதால் ஒன்றிரண்டு அலகு இரத்தம் தயாராக வைத்துக்கொள்வார்கள். ஸ்டென்ட் வைத்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதால் மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்பதை இதய மருத்துவரிடம் இன்றே ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம்.


முதலியார்பேட்டை மகன் பதில்:

டாக்டர் ஐயா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தாமதம் என்னவெல்லாம் செய்யும் என்பதை என் தகப்பனாரிடம் கண்ணால் பார்த்தவன். அவருக்கு அப்போது வயது 83. நாங்கள் சேர்த்த தனியார் மருத்துவமனையில், எக்கோ எடுக்கவேண்டும், சர்க்கரை இறங்கவேண்டும், காப்பீட்டு அனுமதி வரவேண்டும் என்று ஒவ்வொன்றாக ஆறு நாள் ஓடிவிட்டது. தினம் காலையில் "இன்று ஆகிவிடும்" என்பார்கள். மாலைவரை பட்டினி போட்டுவிட்டு, பிறகு இட்லி கொடுக்கச் சொல்வார்கள். ஆறாம் நாள் போர்வையை விலக்கிப் பார்த்தபோது குதிகாலில் பழைய எட்டணாக் காசளவுக்குத் தோல் கருஞ்சிவப்பாகியிருந்தது. அறுவையின் காயம் பதினான்கு நாளில் ஆறிவிட்டது. அந்தக் குதிகால் ஆற மூன்று மாதம் ஆயிற்று. எனவே இன்று இரவே இரண்டு காலின் குதிகாலும் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுங்கள். யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று. அறுவை முடிந்த இரண்டாம் இரவு அப்பா திடீரென்று எழுந்து, "ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஷிப்டுக்கு நேரமாகிறது, சட்டையை எடு" என்று குழாயைப் பிடுங்கப் பார்த்தார். ஏ.எஃப்.டி. ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புத்தி பேதலித்துவிட்டது என்று அழுதோம். இந்த வயதில் அறுவைக்குப் பின் பலருக்கு வரும் தற்காலிகக் குழப்பம் அது என்று செவிலியர் சகோதரி ஒருவர்தான் விளக்கினார். கண்ணாடியையும் காதுக் கருவியையும் உடனே மாட்டிவிடச் சொன்னார், தெரிந்த முகம் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார், பகலில் சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். நான்கு நாளில் தெளிந்துவிட்டார். உங்கள் அம்மாவுக்கு அப்படி ஏதேனும் வந்தால் பயப்படாதீர்கள். ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள், சோடியம் குறைந்தாலும் சிறுநீர் அடைத்தாலும் அதே குழப்பம் வருமாம்.


நெல்லிக்குப்பத்துப் பேத்தி பதில்:

எல்லோரும் அறுவையின் பக்கமே பேசுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். என் பாட்டிக்கு 93 வயதில் இதே முறிவு ஏற்பட்டது. அதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளாகப் படுத்த படுக்கை; எங்கள் யாரையும் அடையாளம் தெரியாது; கஞ்சியைக்கூட ஸ்பூனில்தான் கொடுத்துவந்தோம். மருத்துவரே எங்களை உட்காரவைத்து, செய்தால் என்ன கிடைக்கும், செய்யாவிட்டால் எப்படி இருக்கும் என்று அரைமணி நேரம் பேசினார். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்து வீட்டுக்கு அழைத்துவந்தோம். ஐந்து வாரம் இருந்தார். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆகவே மாமா சொல்வதை எடுத்த எடுப்பில் மூடத்தனம் என்று தள்ளிவிடவேண்டாம்.


மூட்டு வைத்தியன் பதில்:

சகோதரி சொல்வது முற்றிலும் சரி. அந்த நிலையில் நானும் அதையே சொல்லியிருப்பேன். வயது மட்டும் அறுவையைத் தடுக்கும் காரணமாகாது; விழுவதற்கு முந்தைய நாள் அவர் எப்படி இருந்தார் என்பதே அளவுகோல். முந்தைய நாள் தன் சோற்றைத் தானே வடித்த ஒருவருக்கும், ஈராண்டாகப் படுக்கையில் இருந்த ஒருவருக்கும் ஒரே விடை பொருந்தாது.


மஞ்சக்குப்பம் வாசகர் பதில்:

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சேர்த்திருக்கும் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும், எந்த வகை மூட்டு அதில் அடங்கும் என்றும் அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவசம் என்று சிலர் சொல்வார்கள். அது சாலை விபத்துக்கு மட்டும், வீட்டில் விழுந்ததற்குப் பொருந்தாது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று யாராவது யோசனை சொன்னால், கோரிமேடு பக்கம்தான், சிகிச்சையும் நல்ல சிகிச்சைதான். ஆனால் நாலு மாவட்டக் கூட்டமும் அங்கே போகிறது என்பதால், இங்கேயே நாளைக்கு அறுவை உறுதி என்றால் அதை விட்டுவிட்டு ஓடவேண்டாம்.


இயன்முறை (செம்மண்டலம்) பதில்:

பிசியோதெரபிஸ்ட். அறுவை அறையில் நடப்பதை டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தவரை வீடுகளில் காரியம் கெடுவது அதற்குப் பிறகுதான்.

அம்மா மருத்துவமனையில் இருக்கும்போதே வீட்டைத் தயார் செய்யுங்கள். எந்தப் பக்கம் வழியாக மூட்டைத் திறந்தார்கள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கமாகத் திறந்திருந்தால் முதல் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது. சொல்வது எளிது. நம் வீட்டுப் பெண்மணிகளின் நாள் முழுவதும் தரையில்தானே கழிகிறது? அரிவாள்மனை முன் குந்துவது, கோலத்துக்குக் குனிவது, பாய் போட்டுப் படுப்பது, கோயில் பிரகாரத்தில் சம்மணமிட்டு உட்காருவது என எல்லாமே இடுப்பை முழுதாக மடக்கும் வேலைகள். காய் நறுக்க ஒரு மேசையும் கத்தியும் கொடுங்கள். "சும்மா ஒரு நிமிஷம்" என்று பலகையில் குந்திய ஒரு பாட்டியின் மூட்டு நழுவி, மறுபடியும் மயக்கம் கொடுத்துத் திருப்பிப் பொருத்தவேண்டியதாயிற்று. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

இந்தியக் கழிப்பறையைப் பயன்படுத்தவே கூடாது. வெஸ்டர்ன் கழிப்பறை இல்லாவிட்டால், நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதைக் குழிக்கு மேலேயே வைத்துக்கொள்ளலாம். உட்காரும் நாற்காலி, அவருடைய முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கவேண்டும், கைப்பிடியும் வேண்டும். வீட்டில் எல்லோரிடமும் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வு, கால் வழுக்கும், பாரம் சாய்ந்தால் விரியும். அதை மறந்துவிடுங்கள்.

வாக்கரோடு நடக்கும்போது முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். சிமெண்ட் வைத்த மூட்டில் மறுநாளே முழு எடையும் ஊன்றலாம் என்று மருத்துவர்கள் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். பயம் காரணமாக வீட்டார்தான் "ஊன்றாதே, ஊன்றாதே" என்று தடுப்பார்கள். புடவைக் கொசுவம் வாக்கர் காலில் சிக்கும், எனவே மூன்று மாதத்துக்கு நைட்டியே பாதுகாப்பு. பழையபடி கோயிலுக்கு நடப்பாரா என்று கேட்டால், கைத்தடியோடு நடப்பார் என்று சொல்லத் துணிவேன், தடியில்லாமல் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஆளில்லை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

எல்லோரும் மறப்பது எலும்பு மருந்து. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்றால் எலும்பு உளுத்திருக்கிறது என்று பொருள். அடுத்தது மறுபக்க இடுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலிட்ரானிக் அமிலம் இடுப்பு முறிந்தவர்களுக்குப் புதிய முறிவுகளை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் ஆய்வு வந்தது. சிறுநீரகச் செயல்பாடும் வைட்டமின் டி அளவும் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அது பற்றி ஒன்றும் இல்லையென்றால் நீங்களே கேளுங்கள்.


கெடிலக்கரை (கடலூர்), பத்தொன்பது நாள்களுக்குப் பின்:

பதிலெழுதிய அனைவருக்கும் நன்றி. அன்றிரவே டாக்டர் ஐயாவின் பதிலை மாமாவிடம் முழுவதும் வாசித்துக் காட்டினேன். காம்பு ஒடிந்த காய் என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொருமுறை படிக்கச் சொன்னார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் பகலில் அறுவை நடந்தது. முழு மயக்கம், சிமெண்ட் வைத்த பைபோலார், ஒரு அலகு இரத்தம் ஏற்றினார்கள். அடுத்த நாள் மாலை கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தார்கள், அதற்கடுத்த நாள் வாக்கர் பிடித்து நாலு அடி வைத்தார். ஓரிரவு மட்டும் என்னைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார். முதலியார்பேட்டைக்காரர் முன்பே எழுதியிருந்ததால் பயப்படாமல் கண்ணாடியை மாட்டிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தாயிற்று. இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி இன்னும் தொடர்கிறது. எலும்பு மருந்தை நான் கேட்டபிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள். டி அளவு குறைவாக இருப்பதால் அது சரியான பின் ஏற்றலாம் என்றிருக்கிறார்கள். மாமா பண்ருட்டியிலிருந்து கொத்தனாரை அழைத்துவந்து, தோட்டத்துத் தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழிப்பறையையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அம்மாவுக்கு மல்லாந்தே படுத்து அலுத்துவிட்டது, ஒருக்களித்துப் படுக்கக் கேட்கிறார். படுக்கலாமா?


இயன்முறை (செம்மண்டலம்) பதில்:

மருத்துவர் தடை சொல்லவில்லை என்றால் படுக்கலாம். அறுவை செய்த இடது பக்கம் மேலே இருக்கும்படி வலப்பக்கம் சாய்ந்து படுக்கட்டும். தொடையிலிருந்து கணுக்கால்வரை இரண்டு கால்களுக்கும் நடுவில் கெட்டியான தலையணை இருக்கவேண்டும். முழங்காலோடு நின்றுவிடும் சின்னத் தலையணை போதாது, பாதம் கீழே தொங்கி உள்பக்கம் திரும்பிவிடும். திரும்பும்போது நீங்கள் காலைத் தாங்கிக்கொள்ளுங்கள், முதல் சில நாள் அவராகத் திரும்பவேண்டாம்.